கறுப்புக் கோடு உதிரும் புடவை: பழந்துணிகளைப் பேணும் வேலையில் கற்றவை

கோடாலிக்கருப்பூர்ப் புடவையில் முதலில் உதிர்வது கறுப்பு. 150 ஆண்டு கடந்த பின்னும் அதன் சிவப்பு நிலம் உறுதியாக நிற்கும். அந்தச் சிவப்பின்மேல் பூவையும் கொடியையும் வரைந்த மெல்லிய கறுப்புக் கோடு மட்டும் பொடிந்துபோய், கோடு இருந்த இடத்தில் கோட்டின் அகலத்துக்கே ஒரு பிளவு விழுந்திருக்கும். பூச்சி அரித்த ஓட்டைக்கு ஒழுங்கு இருக்காது. இழுபட்டுக் கிழிந்த துணி, நெடுக்கு நூலான பாவை ஒட்டியோ குறுக்கு நூலான ஊடையை ஒட்டியோ நேராகக் கிழியும். இந்தப் பிளவோ, வரைந்தவரின் கை போன வழியிலேயே வளைந்து வளைந்து போகும். துணிப் பேணல் தொழிலுக்கு வந்த புதிதில் இதைப் பூதக்கண்ணாடியின் கீழே பார்த்தபோதுதான், ஒரு துணி எப்படி அழியும் என்பது அது எப்படிச் செய்யப்பட்டது என்பதிலேயே அடங்கியிருக்கிறது என்பது எனக்கு விளங்கியது. அன்றிலிருந்து எந்தத் துணி என் மேசைக்கு வந்தாலும், அதை எப்படிக் காப்பாற்றுவது என்ற கேள்விக்கு முன்பாக, அதை எப்படிச் செய்தார்கள் என்ற கேள்வியையே கேட்டுவருகிறேன்.

கருப்பூர்ப் புடவையைப் பார்த்திராதவர்களுக்குச் சிறு விளக்கம் தேவை. கொள்ளிடக் கரையிலுள்ள கோடாலிக்கருப்பூரில், தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தின் ஆதரவில் தயாரானவை இவை. மெல்லிய பருத்தித் துணியில், வேலைப்பாடு வரவேண்டிய இடங்களில் மட்டும் சரிகையை ஊடையாகக் கோத்து நெய்வார்கள். நெய்து முடித்த பின், அதே துணியின்மேல் கையால் கோடு வரைந்து, நிறம் ஏறக் கூடாத இடங்களை மெழுகால் மூடி, சாயத்தில் தோய்ப்பார்கள். சிவப்புச் சாயத்துக்கு அடியிலிருந்து சரிகை மின்னுவதால் துணி முழுவதும் செம்புப் பொன்னின் சாயல் ஏறியிருக்கும். நெசவும் ஓவியமும் சாயமும் ஒரே துணியில் கூடிய இந்தத் தொழில், ஆதரித்த அரசு மறைந்த பின் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஏறக்குறைய நின்றேபோயிற்று. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் போன்ற சில இடங்களிலும், சில குடும்பங்களின் பெட்டிகளிலும் எஞ்சியிருப்பவையே இன்று நமக்குக் கிடைக்கும் சான்றுகள்.

கறுப்பு ஏன் உதிர்கிறது என்பதைப் பாடப் புத்தகத்தில் நான் ஏற்கெனவே படித்திருந்தேன். கடுக்காயில் தோய்த்த துணியில் இரும்புக் கரைசலால் வரைந்தால், கடுக்காயின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து கறுப்பு பிறக்கும். அந்தக் கறுப்பில் அமிலம் இருக்கிறது. அமிலம் பருத்தி இழையின் நீண்ட சங்கிலியை மெல்ல மெல்லத் துண்டாக்கும். போதாக்குறைக்கு, இழையோடு சேராமல் தங்கிவிட்ட இரும்பு, காற்றிலுள்ள ஆக்ஸிஜன் இழையைத் தாக்குவதை விரைவுபடுத்தும். ஆனால் இந்த வேதியியல் முழுதாக எனக்குப் பிடிபட்டது சிக்கல்நாயக்கன்பேட்டையில் கலம்காரி வரையும் ஒரு முதியவரின் வீட்டுக் கொல்லையில்தான். இரும்புத் துண்டுகளும் வெல்லமும் நீரில் ஊறிக்கொண்டிருந்த பானையை அவர் திறந்து காட்டினார். புளித்த வாடை முகத்தில் அடித்தது. மூங்கில் குச்சியின் முனையில் சுற்றிய துணிப்பந்தை அதில் தோய்த்துக் கடுக்காய் ஏறிய துணியில் அவர் ஒரு கோடு இழுத்தபோது, வெளிர்நிறத்தில் இறங்கிய கோடு என் கண்முன்னே கறுத்தது. "பானை நல்லா பழுக்கணும்மா, அப்பதான் கறுப்பு ஆழமா வரும். ரொம்பப் பழுத்துட்டா நாளாவட்டத்துல துணியத் தின்னுடும்," என்றார் அவர். "தின்னாம இருக்க என்ன செய்வீங்க ஐயா?" என்று கேட்டேன். "நல்லா அலசணும். ஓடுற தண்ணியில அலசணும். அலசறதுல சோம்பல் பட்டா பேரன் காலத்துல தெரியும்." சாயமிட்டு முடித்த உடனே ஓடும் நீரில் அலசுவது, இழையோடு சேராத இரும்பைத் துணியிலிருந்து வெளியேற்றிவிடும். ஆய்வுக்கூடங்கள் கருவிகளால் கண்டறிந்ததைக் கைவினைஞர்கள் தலைமுறை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். துணி பேணுகிறவர்களுக்கு வேதியியல் அவசியம்தான். அந்தத் துணியைச் செய்கிறவர்களிடம் போய் உட்காருவதும் அதே அளவு அவசியம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

சோழமண்டலக் கரையின் சாயத் தொழில் பற்றி எழுத்துச் சான்றும் உண்டு. 1734 வாக்கில் புதுச்சேரிக்கு வந்திருந்த போலியூ என்ற பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி, ஒரு துணி வெள்ளையிலிருந்து வண்ணச் சித்திரமாக மாறும் வேலையை நேரில் இருந்து கவனித்து, ஒவ்வொரு கட்டத்தையும் எழுதிவைத்தார். அதோடு நிற்காமல், ஒவ்வொரு கட்டத்திலும் அந்தத் துணியிலிருந்தே ஒரு துண்டு வெட்டிக் குறிப்போடு சேர்த்தார். பாரிஸிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அதைப் பாதுகாத்துவருகிறது. நம் ஊர்த் தொழில் இரகசியத்தைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோவதற்காக எழுதப்பட்டது என்பதை மறக்க முடியாது. ஆனாலும் கடுக்காயும் பாலும் ஏற்றிய துணி, படிகாரக் கரைசல் தடவிய துணி, சாயவேரில் கொதித்த துணி என்று வரிசையாகத் துண்டுகள் எஞ்சியிருப்பதால், எந்த நிறத்தின் அடியில் எந்தப் பொருள் இருக்கிறது என்பதை ஊகத்தால் அல்லாமல் சான்றால் சொல்ல முடிகிறது. சிவப்பு ஏன் நிலைக்கிறது என்பதற்கும் அங்கேயே விடை கிடைக்கிறது: இம்பூரல் என்னும் சாயவேரின் சிவப்பை இழையோடு பிணைப்பது படிகாரம், படிகாரத்தில் இரும்பைப் போல இழையைத் தின்னும் குணம் இல்லை.

இனி என் கையில் வந்த ஒரு துணியைப் பற்றிச் சொல்கிறேன். காவிரிப் படுகையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார், கொள்ளுப்பாட்டிக்கு எங்கிருந்தோ வந்ததாகச் சொல்லி, ஒரு கருப்பூர்ப் புடவையின் முந்தானைப் பகுதியை எடுத்துவந்தார்கள். பித்தளைப் பூண் போட்ட மரப்பெட்டியில், எட்டாக மடித்து, நாளிதழில் சுற்றி வைத்திருந்தார்கள். "ஒரு தண்ணி அலசிக் குடுத்துடுங்கம்மா, பளிச்சுனு ஆயிடும்," என்றார் அந்த வீட்டு மூத்த அம்மாள். இந்த வேண்டுகோளை நான் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். அதில் துணியின்மேல் உள்ள பாசம்தான் தெரியும். ஆயினும் துணியை நனைப்பது திரும்பப் பெற முடியாத ஒரு செயல். அழுக்கோடு சேர்ந்து சாயம் போகலாம், இழை சுருங்கலாம், மடிப்பிலும் கறையிலும் இருந்த தகவல் போகலாம். ஆகவே, முதலில் பார்க்க மட்டும் செய்கிறேன் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன்.

பார்ப்பது என்பது துணி பேணுகிறவரின் வேலையில் பெரும்பகுதி. துணியை ஒரு பெரிய மேசையில், துவைத்துக் கஞ்சி நீக்கிய வெள்ளைப் பருத்தித் துணியின்மேல் விரித்து, நேர்வெளிச்சத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்தேன். பிறகு விளக்கைத் துணியின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் ஒளிவிழச் செய்தேன். இப்படி ஒளி படும்போது, நேர்வெளிச்சத்தில் தெரியாத மேடுபள்ளங்கள் நிழலோடு எழுந்து நிற்கும்: எட்டாக மடித்த மடிப்புகளுக்கு அடியில், அதற்கும் முந்தைய வேறொரு மடிப்பின் தடம் இருந்தது, ஓர் ஓரத்தில் தையல் பிரித்த துளைகள் வரிசையாகத் தெரிந்தன. ஏதோ ஒரு காலத்தில் இந்த முந்தானைக்கு உள்துணி தைத்து, வேறு எதற்காகவோ பயன்படுத்தியிருக்கிறார்கள். அலசி இஸ்திரி போட்டிருந்தால் அந்தத் துளைகள் மூடிக்கொண்டு, அந்த வரலாறும் மறைந்திருக்கும்.

அடுத்து, அறையை இருட்டாக்கிப் புறஊதா விளக்கைப் பிடித்தேன். பழைய பருத்தி இந்த ஒளியில் மங்கலான மஞ்சள் கலந்த வெண்மையாகத் தெரியும். இந்தத் துணியின் ஒரு மூலை மட்டும் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தது. சலவைத் தூளில் வெண்மை காட்டுவதற்காகக் கலக்கப்படும் பொருள்தான் அப்படி ஒளிரும். அது சலவைப் பொருள்களில் பரவியதே 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்துதான். ஆக, யாரோ அந்த மூலையை அண்மைக் காலத்தில் சலவைத் தூள் கொண்டு கசக்கியிருக்கிறார்கள். அம்மாளிடம் கேட்டபோது, தன் மாமியார் எண்ணெய்க் கறையைப் போக்க முயன்றது நினைவுக்கு வந்தது. அந்த மூலையில் கறுப்புக் கோடுகள் மற்ற இடங்களைவிட மோசமாக இருந்ததும், கோட்டைச் சுற்றிப் பழுப்பு நிறம் கசிந்திருந்ததும் ஏன் என்பது இதோடு பொருந்தியது. நனைந்த நீர், கோட்டில் கட்டுண்டு இருந்த இரும்பையும் அமிலத்தையும் பக்கத்து இழைகளுக்குக் கடத்திவிட்டது. புடவையை நனைப்பதில்லை என்று நான் முடிவெடுத்தது அந்த நீல ஒளியைப் பார்த்த பிறகுதான்.

நூலைப் பற்றிய ஆய்வில் அதிகம் தங்கப் போவதில்லை. சதுர அங்குலக் கண்ணாடி வைத்துப் பாவையும் ஊடையையும் எண்ணுவோம். நூல் எந்தப் பக்கம் முறுக்கப்பட்டது என்று குறிப்போம். தானாகவே உதிர்ந்த இழை ஒன்றை நுண்ணோக்கியில் வைத்தால், பருத்தி முறுக்கிய நாடா போலவும் பட்டு வழவழப்பான கண்ணாடிக் கம்பி போலவும் தெரியும். நிறங்களின் பிடிப்பைச் சோதிப்பது மட்டும் கவனமாகச் செய்ய வேண்டியது: கண்ணுக்குப் படாத ஓரிடத்தில் ஒரே ஒரு சொட்டு நீர் வைத்து, உறிஞ்சுதாளால் ஒற்றி, அதே இடத்தில் சோப்புக் கரைசல், அதே இடத்தில் மீண்டும் நீர் என்று ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். உறிஞ்சுதாளில் கத்திரிப்பூ நிறமோ மின்னும் சிவப்போ ஏறினால், அது பெரும்பாலும் 1856இல் பெர்கின் என்ற ஆங்கில வேதியியலாளர் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்ததற்குப் பிற்பட்ட சாயமாக இருக்கும். அரச காலத் துணி என்று சொல்லிக் கொண்டுவரப்படும் சிலவற்றின் வயது இந்த ஒரு சொட்டு நீரிலேயே தெரிந்துவிடும். கருப்பூர்த் துணியில் சிவப்பு அசையவில்லை. கறுப்பின் மேல் நீர் வைக்க நான் துணியவில்லை.

நனைக்காமல் செய்யக்கூடியது தூசி நீக்கம். இதை எளிய வேலை என்று நினைக்க வேண்டாம். தூசியில் மணல் துகள் இருக்கிறது; துணி அசையும்போதெல்லாம் அது இழையை அறுக்கும். தூசி ஈரத்தை இழுத்துப் பூசணத்துக்கு இடம் கொடுக்கும். துணியின்மேல் மெல்லிய நைலான் வலையை விரித்து, ஓரங்களில் எடை வைத்து, உறிஞ்சும் வேகம் குறைக்கக்கூடிய வேக்குவம் கிளீனரின் சிறு குழாயைத் துணியைத் தொடாமல் வலைக்கு மேலாகப் பிடித்து, மென்தூரிகையால் தூசியைக் குழாய்ப் பக்கம் தள்ளிவிடுவோம். கறுப்புக் கோடுகள் உள்ள இடத்தில் குழாயே கூடாது. தூரிகையின் நுனி மட்டும் போதும். மடிப்பின் பள்ளத்தில் சேர்ந்திருந்ததைத் தனியாக எடுத்து ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டு வைத்தேன்: கொஞ்சம் மஞ்சள் தூள், ஒரு நெல் உமி, உதிர்ந்த கறுப்பு இழைத் துணுக்குகள். முந்தானையின் ஓரத்தில் விரலளவு குங்குமக் கறை ஒன்று இருந்தது. அதை நீக்கவில்லை. அது அந்தப் புடவையை உடுத்திய ஒருவரின் விரல் பட்ட இடமாக இருக்கலாம். இழைக்கு அது தீங்கு செய்யவும் இல்லை.

பிறகு தாங்குதுணி. பொடிந்துபோன பகுதி தன் எடையைத் தானே தாங்க முடியாது. அதற்கு அடியில் இன்னொரு துணி வேண்டும். புடவையின் நிலத்துக்கு நெருங்கிய சிவப்பில் மெல்லிய பருத்தித் துணியைச் சாயமேற்றிக்கொண்டோம். நிறம் பொருந்த வேண்டும், ஆனால் ஏமாற்றக் கூடாது. நான்கடி தூரத்திலிருந்து பார்க்கும்போது கண் உறுத்தாமலும், கிட்டப்போய்ப் பார்க்கும்போது எது பழையது எது புதியது என்று தெரிவதாகவும் இருக்க வேண்டும் என்பதே இந்தத் தொழிலின் நேர்மை. தையல் நூலாக, தலைமுடியினும் மெல்லிய முறுக்கற்ற பட்டிழையைப் பயன்படுத்தினோம். பிளவின் இருபுறமும் நல்ல துணி இருக்கும் இடத்திலிருந்து தொடங்கி, நூலைப் பிளவின் குறுக்கே படுக்கவைத்து, அதை அங்கங்கே சிறு குறுக்குத் தையல்களால் பிடித்துவைக்க வேண்டும். ஊசி ஒருபோதும் பழைய நூலைத் துளைக்கக் கூடாது. இரு நூல்களுக்கு இடையேயுள்ள சந்தில் மட்டுமே இறங்கி ஏற வேண்டும். நூலை இறுக்கினால் அது துணியை வெட்டும். தளர்த்தினால் துணியைத் தாங்காது. கையில் அந்த அளவு படிவதற்குப் பழைய வேட்டித் துண்டுகளில் நீண்ட காலம் பயிற்சி செய்ய வேண்டியிருந்தது. மிகவும் பொடிந்த கோடுகளுக்கு மேலே, கிரெப்லின் என்னும் ஊடுருவிப் பார்க்கக்கூடிய மெல்லிய பட்டுத் துணியை விரித்து, அதைச் சுற்றியுள்ள உறுதியான இடத்தில் மட்டும் தைத்து, கோடு இரண்டு துணிகளுக்கு நடுவே அசையாமல் இருக்கும்படி செய்தோம்.

பசை போட்டு ஒட்டிவிட்டால் இவ்வளவு வேலை எதற்கு என்று பயிற்சிக்கு வரும் இளைஞர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் அமெரிக்கக் கொடியின் வரலாற்றைச் சொல்வேன். அமெரிக்க தேசிய கீதம் பிறக்கக் காரணமான 1814இல் பறந்த கொடியை, 1914இல் அமீலியா ஃபௌலர் என்பவரின் தலைமையில் பத்துப் பெண்கள் லினன் துணியில் வைத்து ஏறத்தாழ 17 லட்சம் தையல்களால் பிடித்தார்கள். அந்நாளில் அது மிகச் சிறந்த வேலை. 1990களின் இறுதியில் அதை வைத்திருக்கும் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியக நிறுவனத்தார் கொடியைப் புதிதாகப் பேண முனைந்தபோது, அந்த லினன் கொடியைப் பாதிக்கிறது என்று கண்டு, தையல்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து லினனை நீக்கினார்கள். தையலாக இருந்ததால் அது முடிந்தது. நாம் இன்று சிறந்தது என்று நினைத்துச் செய்வதை, நமக்குப் பின் வருகிறவர் பிரித்தெடுக்க நேரலாம் என்ற எண்ணத்தோடுதான் ஊசியைக் கையில் எடுக்க வேண்டும். பசையிலும் நல்லவை உண்டு, தையல் தாங்காத துணிக்கு அவற்றை நாங்களும் பயன்படுத்துகிறோம். ஆனால் அது கடைசி வழி.

கறுப்பின் அழிவை முற்றாக நிறுத்தும் மருந்து எங்கள் கையில் இல்லை. பழைய ஓலைச்சுவடிகளுக்குப் பின்வந்த காகித ஆவணங்களில் இரும்பு மையால் எழுதியவற்றுக்கு இதே நோய் உண்டு; அவற்றுக்குக் கால்சியம் ஃபைட்டேட் என்னும் உப்புக் கரைசலில் தோய்த்து இரும்பைக் கட்டுப்படுத்தும் முறை ஐரோப்பாவில் உருவாகிப் பயன்பாட்டில் இருக்கிறது. ஆனால் அது நீரில் தோய்க்கும் முறை. சரிகையும் பல நிறச் சாயங்களும் கலந்த துணியில் அதைச் செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை. ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் ஒளியையும் குறைத்து, அழிவின் வேகத்தைத் தணிப்பதுதான் செய்ய முடிந்தது. அந்தக் குடும்பத்தாரிடமும் இதை மறைக்காமல் சொன்னேன்.

சரிகைக்கும் இதே விதி பொருந்தும். உண்மைச் சரிகை என்பது வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கி, சிவப்புப் பட்டு நூலின்மேல் சுற்றி, பொன்முலாம் பூசியது. கறுத்துப்போன சரிகையில் வெள்ளியோடு காற்றிலுள்ள கந்தகம் சேர்ந்திருக்கிறது. அதைப் புளி, சமையல் சோடா, பற்பசை என்று எதைக் கொண்டு தேய்த்தாலும் கறுப்போடு சேர்ந்து பொன்முலாமும் போகும். அது போன பிறகு வெள்ளி இன்னும் விரைவாகக் கறுக்கும். கந்தகம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதே பயனுள்ள வேலை: புடவையைக் கட்டிவைக்கும் ரப்பர் பேண்டு, பக்கத்தில் வைத்திருக்கும் கம்பளி, பெரிய சாலையை ஒட்டிய வீடு. ஒரு வீட்டில் திருமணப் புடவையைப் பாலிஷ் போடக் கொடுத்து, சூடான உருளையில் சரிகை நசுங்கி, பசை ஏறி, அந்தப் பசைக்கு இராமபாணப் பூச்சி வந்து, மூன்று கேடும் ஒன்றாகச் சேர்ந்த நிலையில் என்னிடம் கொண்டுவந்தார்கள். பழம்புடவைக்குப் பாலிஷ் வேண்டவே வேண்டாம் என்று எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

தைத்த ஆடைகள் வேறு வகையான கவனம் கேட்பவை, ஏனெனில் அவற்றுக்குள் ஓர் உடல் இருந்திருக்கிறது. பழைய பட்டு அங்கி ஒன்றை ஆராய்ந்தபோது, வெளியே சாம்பல் கலந்த பழுப்பாக இருந்த துணி, தையலுக்குள் மடிந்திருந்த விரற்கடை அகலத்தில் நல்ல நாவற்பழ நிறத்தில் இருந்தது. ஒளி படாத இடம் அது ஒன்றுதான். அக்குளில் வியர்வை உப்பால் பட்டு வெடித்திருந்தது. இடுப்புத் தையல் இருமுறை பிரித்து அகலமாக்கப்பட்டிருந்தது. உடுத்தியவர் பருத்தாரா, அல்லது அங்கி இன்னொருவருக்குப் போயிற்றா என்பதைப் பழைய தையல் நூலும் புதிய தையல் நூலும் ஒரே சாயமா என்று பார்த்துத்தான் ஊகிக்க முடியும். இவற்றையெல்லாம் சரிசெய்து புத்தாடையாக்கிவிட்டால், அங்கி இருக்கும், அதை உடுத்திய மனிதர் இருக்கமாட்டார். இத்தகைய ஆடைகளை ஹேங்கரில் தொங்கவிடக் கூடாது. முழு எடையும் தோள் தையலில் இறங்கும். காட்சிக்கு வைக்கும்போது, ஆடையைவிடச் சிறிய பொம்மை உடலைத் தேர்ந்து, குறையும் இடங்களில் பஞ்சு வைத்து மேலே பருத்தித் துணி போர்த்தி, ஆடையின் அளவுக்கு அதை வளர்க்க வேண்டும்.

ஒளியைப் பற்றி ஒரு கணக்குச் சொன்னால்தான் எளிதில் விளங்கும். அருங்காட்சியகங்களில் துணிக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு வெளிச்சத்துக்கு மேல் வைப்பதில்லை. நம் ஊர் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். ஒளி செய்யும் கேடு கூடிக்கொண்டே போகும் கணக்கு என்பதால், ஒரு மணி நேர வெயில் என்பது 50 லக்ஸில் 2,000 மணி நேரத்துக்குச் சமம். நாளுக்கு எட்டு மணி நேரம் திறந்திருக்கும் அருங்காட்சியகத்தில் அது 250 நாள் காட்சி. வெயிலில் புறஊதாவும் வெப்பமும் சேர்ந்திருப்பதால் உண்மைக் கேடு இதைவிட அதிகம். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் உள்ள, 1947 ஆகஸ்ட் 15 அன்று ஏற்றப்பட்ட பட்டுக் கொடியைப் போன்ற பொருளை மங்கிய வெளிச்சத்தில் பார்க்க நேரும்போது, சற்று நின்று கண் பழகும்வரை பொறுத்திருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் பாட்டியின் புடவையைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்ட விரும்புகிறவர்களுக்கும் என் யோசனை இதுவே: சன்னலுக்கு எதிர்ச்சுவரில் வேண்டாம், ஆண்டில் சில மாதம் மாட்டி, மீதி மாதம் இருட்டில் வையுங்கள், கண்ணாடி துணியைத் தொடாமல் இடைவெளி இருக்கட்டும்.

ஈரம்தான் நம் நாட்டின் பெரும் பகை. மொகஞ்சதாரோவில் ஒரு வெள்ளிக் கலத்தின்மேல் ஒட்டியிருந்த பருத்தித் துணுக்கு எஞ்சியதற்குக் காரணம், உலோக உப்பு அதில் ஊறிக் கிருமிகளைத் தடுத்ததுதான். இடைக்கால இந்திய அச்சுத் துணிகளை நாம் இன்று பார்ப்பது பெரும்பாலும் எகிப்தின் ஃபுஸ்தாத்தில் கிடைத்தவற்றால். அந்த மண் வறண்டது. ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் பூசணம் பிடிக்கும். சென்னையில் அது பல மாதங்களுக்கு இயல்பான அளவு. ஆகவே பீரோவை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், சுவருக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மழை இல்லாத நாளில் கதவைத் திறந்து, மின்விசிறியின் காற்றை உள்ளே போகவிடுங்கள். ஏ.சி.யைப் பகலில் போட்டு இரவில் நிறுத்தும் அறையைவிட, ஏ.சி.யே இல்லாமல் காற்றோட்டமாக உள்ள உள்ளறை துணிக்கு நல்லது. ஈரம் ஏறி இறங்குவது இழையை விரித்துச் சுருக்கிக் களைப்பாக்கும்.

பிளாஸ்டிக் உறையும் நாளிதழும் வேண்டாம். நாளிதழ்த் தாளில் அமிலம் உண்டு. கருப்பூர்த் துணியின் வெளிமடிப்பு பழுப்பேறியதற்கு அதுவும் ஒரு காரணம். பலமுறை அலசிக் கஞ்சி நீங்கிய வெள்ளை வேட்டித் துணியே நம் வீடுகளில் எளிதில் கிடைக்கும் சிறந்த உறை. பெண்கள் ஆண்டுக்குச் சில முறை பட்டுப்புடவையின் மடிப்பை மாற்றி வைக்கும் பழக்கம் மிகச் சரியானது. அதோடு, மடிப்புக்குள் அதே வேட்டித் துணியைச் சுருட்டித் திண்டாக வைத்தால் மடிப்பு கூர்மையாக விழாது. முடிந்தால் மடிக்காமல், துணி சுற்றிய அகலமான குழாயில், சரிகை உள்ள பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி வையுங்கள். பருத்திப் புடவையை எடுத்துவைக்கும் முன் கஞ்சியை அலசிவிட வேண்டும், ஏனெனில் இராமபாணப் பூச்சி வருவது கஞ்சிக்காகத்தான். அந்துருண்டையின் ஆவி நமக்கும் நல்லதல்ல, துணிக்கும் நல்லதல்ல. வசம்பும் வேப்பிலையும் போடுவதானால் துணிப்பையில் முடிந்து, புடவையில் படாமல் வையுங்கள். இலைச் சாறு கறையாகும். பூச்சி வந்துவிட்ட துணியை, வர்ணம் தீட்டியதாகவோ மணி கோத்ததாகவோ இல்லாவிட்டால், பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, கழித்தல் 20 டிகிரி செல்சியஸ் குளிர்விப்பானில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்த பின் ஒரு முழுநாள் பையைத் திறக்காமல் விட்டால் முட்டையும் புழுவும் சாகும்.

நிபுணர் ஒருவரிடம் துணியைக் கொடுக்கும் நிலை வந்தால், அவரிடம் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: தொடுவதற்கு முன் எடுத்த படங்கள், என்ன செய்யப்போகிறார் என்ற எழுத்துக் குறிப்பு, முடித்த பின் என்ன செய்தார் என்ற எழுத்துக் குறிப்பு. சோதனை எதுவும் செய்யாமல் துவைத்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். கருப்பூர்த் துணியைத் திருப்பிக் கொடுத்தபோது, எந்த நூலால், எந்தச் சாயமிட்ட துணியில், எந்தெந்த இடத்தில் தைத்தோம் என்ற வரைபடத்தை அதன் பெட்டியிலேயே வைத்தோம். அதன் பின்பக்கத்தில், புடவை யாருடையது, எந்தத் திருமணத்துக்கு வந்தது, உள்துணி தைத்தது யார் என்று நினைவில் இருந்ததையெல்லாம் அந்த அம்மாள் சொல்லச் சொல்ல அவருடைய பேத்தி எழுதினாள். பேனா மை கசியும் என்பதால் பென்சிலில் எழுதச் சொன்னேன்.